கம்பியில் இறங்கிய குஞ்சுகள்: சேலத்தில் இளம் தகைவிலான்களைக் கவனிக்கும் முறை

பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்னும் சிறு பறவையான தகைவிலானின் குஞ்சுகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கூட்டைத் தேடித்தான் முதலில் புறப்படுகிறார்கள். பாலத்தின் அடியில் குனிந்து போய், கைப்பேசி விளக்கை அடித்து, மண்கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் மூன்று நான்கு மஞ்சள் வாய்கள் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. குஞ்சு எப்படிப் பறக்கப் பழகுகிறது, இரையை எப்படிக் கேட்டு வாங்குகிறது, எந்த நாளில் தானே பிடிக்கத் தொடங்குகிறது என்பதெல்லாம் அது கூட்டை விட்டு வெளியே வந்து, மின்கம்பியிலும் காய்ந்த கிளையிலும் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு வாரம் பத்து நாட்களில்தான் நம் கண்முன்னால் நடக்கிறது. ஆகவே கூட்டை எட்ட நின்று நாள் கணக்கு வைப்பது, கம்பியைப் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்பது என்ற இரண்டு வேலைகளைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பறவை தகைவிலான்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்தி வேளையில் கோபுரங்களைச் சுற்றிக் கூட்டமாகக் கிறீச்சிட்டுப் பறக்கும் கறுத்த பறவைகளும், பனந்தோப்பின் மேல் அரிவாள் போன்ற சிறகுகளோடு சுழல்கிறவையும் உழவாரன்கள். அவை வேறு குடும்பம். உழவாரனின் விரல்கள் செங்குத்தான பரப்பைப் பற்றித் தொங்குவதற்கு ஏற்றவை, கம்பியில் உட்கார அவற்றால் முடியாது. எனவே ஒரு பறவை கம்பியில் அமர்ந்துவிட்டால் உழவாரன் என்ற ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும். கம்பியில் தோளோடு தோள் ஒட்டி நெருக்கமாக உட்காரும், தடித்த நீலச் சாம்பல் அலகும் சாம்பல் உடலும் கொண்ட பருத்த பறவை ஒன்றும் உண்டு. பறக்கும் விதத்தில் தகைவிலானை ஒத்திருந்தாலும் அதுவும் உறவில்லை. தகைவிலானின் அலகு சிறியது, தட்டையானது, அடிப்பகுதி அகன்றது. வாயைத் திறந்தால் முகமே பிளந்தது போலத் தோன்றும்.

சேலம் சமவெளியில் குஞ்சு பொரிப்பவற்றுள் இரண்டு இனங்களை எளிதில் பின்தொடரலாம். ஒன்று கம்பிவால் தகைவிலான். செம்பழுப்புத் தலை, மினுங்கும் கருநீல முதுகு, தூய வெள்ளை வயிறு, வாலின் இரு ஓரங்களிலிருந்தும் நீளும் மெல்லிய இரண்டு கம்பிகள் ஆகியவை அதன் அடையாளம். தண்ணீர் இல்லாத இடத்தில் அது கூடு கட்டுவது அரிது. சிறுபாலம், மதகு, கிணற்றுச் சுவர் இவற்றில் பாதிக் கிண்ணம் போல மண்ணை அப்பியிருக்கும். மற்றொன்று செம்பிட்டத் தகைவிலான். நெடுக்காகப் பிளந்த சுரைக்குடுக்கையைக் கூரையில் கவிழ்த்து ஒட்டியது போலக் கூடும், அதற்கு ஒரு நீண்ட கழுத்துவழி வாசலும் அமைக்கும். பாலத்தின் அடிப்பகுதி, பழைய மண்டபத்தின் கல் கூரை, பாறைக் குடைவு எல்லாம் அதற்கு ஒப்பும். வாலடி மைக்கூட்டில் தோய்த்தெடுத்தது போலக் கறுத்திருப்பது அதன் தனிக்குறி. தூரத்தில் இடுப்பின் செந்நிறம் தெரியாதபோது இந்தக் கறுப்பே கைகொடுக்கும். ஆவணி கழியும்போது கம்பி கம்பியாக வந்து உட்காரும் சாதாரணத் தகைவிலான் இங்கே குஞ்சு பொரிப்பதில்லை. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

காலத்தைப் பொறுத்தவரை, பங்குனியில் தொடங்கி ஆவணி வரை கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கோடை மழை ஒன்றிரண்டு பெய்து, ஏரிக்கரையிலும் சாலையோரக் குட்டையிலும் குழைந்த மண் கிடைக்கத் தொடங்கியதும் கட்டுமான வேலை மும்முரமாகும். ஈரச் சேற்றில் சிறகை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, உடல் சேற்றில் படாமல் மண் உருண்டை எடுக்கும் பறவையைக் கண்டால், அது எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். கூடு பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். கூட்டைத் தேடி நீங்கள் ஊர் சுற்றுவதை விட இப்படிப் பறவை உங்களுக்கு வழிகாட்ட விடுவது சிரமமில்லாத முறை.

ஊருக்குள் மூக்கனேரி, கன்னங்குறிச்சி பக்கத்து நீர்வழிகள், ஓமலூரை ஒட்டிச் சரபங்கா ஆற்றின் மேலுள்ள சிறுபாலங்கள், மேட்டூருக்குப் போகும் வழியில் வாய்க்காலோரம் என்று தேடுவதற்கு இடங்கள் நிறைய உண்டு. ஏற்காட்டுக்கு ஏறும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலும் வண்டியை நிறுத்திப் பறவை பார்க்க வேண்டாம். பேருந்து ஓட்டுநருக்கும் ஆபத்து, பையைப் பிடுங்கக் குரங்கும் காத்திருக்கும். மேலே போன பிறகு, பாறை விளிம்புகளை ஒட்டி மெதுவாக மிதந்து திரும்பும் புகைப்பழுப்பு நிறத் தகைவிலானைத் தேடலாம். வாலை விரிக்கும்போது அதில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் காலை மூடுபனி விலகும் வரை பூச்சிகள் எழும்பாது என்பதால், மலையில் விடிந்ததும் ஓடத் தேவையில்லை. வெயில் பாறையில் பட்டு அரைமணி நேரம் கழித்துப் போனால் போதும். மே மாதத்தில் கோடை விழா நடக்கும் நாட்களில் மலைப்பக்கம் போகாமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. சமவெளியிலோ நிலைமை நேர்மாறு. சித்திரை வெயிலில் எட்டரை மணிக்கு மேல் குஞ்சுகளும் நிழலுக்கு நகர்ந்துவிடும், நமக்கும் தலை சுற்றும். ஆறு மணிக்கே இடத்தில் இருக்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே நாள்தோறும் புழங்குகிறவர்களிடம் கேளுங்கள். ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த பெரியவர் ஒருவர், நான் பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்ற ஒரு காலையில், "குஞ்சு எறங்கி மூணு நாளாச்சுங்க தம்பி. வெயில் ஏறுனா அந்தக் கருவேல மரத்துக்குப் போயிரும், இப்பவே பாத்துக்குங்க" என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் வாயில் அது வெறும் பாலத்துக் குருவிதான். ஆனால் மூன்று நாள் என்ற கணக்கு தவறவில்லை என்பது குஞ்சுகளின் குட்டை வாலைப் பார்த்ததும் விளங்கியது.

இனி நாள் கணக்கு. கூட்டிலிருந்து குறைந்தது இருபத்தைந்து முப்பது மீட்டர் தள்ளி, வாசலை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில், மரம் அல்லது கரைமேடு பின்புலமாக அமையும்படி உட்காருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 இருகண்ணோக்கி ஒன்று இருந்தால் எல்லாம் தெரியும். அதற்கும் மேல் பெரிதாக்கிக் காட்டும் கருவி கையில் நடுங்குமே தவிர, பறக்கும் பறவையைப் பிடிக்க உதவாது. பெரிய பறவை கூட்டுக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லையென்றால் அடைகாப்பு நடக்கிறது. இரு இனங்களிலும் இதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். கம்பிவாலுக்குச் சில நாட்கள் கூடவும் செய்யலாம். போவதும் உடனே வருவதுமாகப் போக்குவரத்து திடீரென்று கூடிவிட்டால் முட்டை பொரிந்துவிட்டது. அந்தத் தேதியை முதல் நாளாக எழுதிக்கொள்ளுங்கள். அலகில் பூச்சி தொங்கும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம், ஏனெனில் தகைவிலான்கள் சிறு பூச்சிகளைப் பல பிடித்து, தொண்டையில் உருண்டையாகத் திரட்டிக் கொண்டுவரும்; கழுத்து புடைத்திருப்பதுதான் அறிகுறி. தொடக்க நாட்களில் பெரிய பறவை வெளியே வரும்போது வெள்ளைப் பொட்டலம் போன்ற ஒன்றைக் கவ்வி வந்து தூரத்தில் போடும். அது குஞ்சின் எச்சம், மெல்லிய சவ்வுக்குள் பொதிந்தது. பிறகு குஞ்சு தானே திரும்பி வாசலுக்கு வெளியே எச்சமிடப் பழகிவிடும், கூட்டின் கீழே சுவரிலும் தரையிலும் வெள்ளைக் கறை சேரும். வாசலில் தலைகள் தென்படத் தொடங்கினால் கடைசி வாரம். கம்பிவால் குஞ்சு ஏறத்தாழ மூன்று வாரத்திலும், செம்பிட்டக் குஞ்சு அதற்கும் சில நாட்கள் கூடுதலாகவும் எடுத்துக்கொண்டு வெளியேறும் என்ற கணக்கோடு, பதினைந்தாம் நாளிலிருந்து நாள் தவறாமல் போக வேண்டும்.

அதே பதினைந்தாம் நாளிலிருந்து கூட்டின் அருகே கண்டிப்பாகப் போகக் கூடாது. இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி ஒரு சிறுபாலத்தின் அடியில், எத்தனை குஞ்சுகள் என்று எண்ணிவிடலாம் என்ற அவசரத்தில் டார்ச் விளக்கோடு இறங்கினேன். வெளிச்சம் கூட்டின் மேல் பட்ட அந்த நொடியில் மூன்று குஞ்சுகளும் ஒன்றாகப் பாய்ந்தன. இரண்டு எதிர்ச்சுவரில் முளைத்திருந்த புல்லைப் பற்றிக்கொண்டன; மூன்றாவது தண்ணீரில் விழுந்து, சிறகை விரித்தபடி சுழன்றது. ஒரு தென்னை மட்டையை நீட்டி அதைக் கரையேற்றினேன், அது நனைந்து அரையளவாகச் சுருங்கியிருந்தது. தாயும் தந்தையும் என் தலைக்கு ஒரு முழ உயரத்தில் வந்து வந்து திரும்பிக் கத்திக்கொண்டே இருந்தன. இன்னும் மூன்று நான்கு நாட்கள் கூட்டில் இருந்திருக்க வேண்டிய குஞ்சுகள் அவை. சிறகு முற்றாத குஞ்சு, ஆபத்து என்று தோன்றினால் வயது பாராமல் குதித்துவிடும். ஒருமுறை குதித்ததைத் திரும்பக் கூட்டில் வைத்தாலும் பெரும்பாலும் தங்காது.

எனவே தூரத்தை மீட்டரில் மட்டும் அளக்காமல் பறவையின் நடத்தையாலும் அளக்கப் பழகுங்கள். கழுத்துப் புடைத்த நிலையில் பெரிய பறவை கூட்டுக்குள் நுழையாமல் சுற்றிச் சுற்றி வந்தாலோ, கம்பியில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக் குறுங்குரல் கொடுத்தாலோ, இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் அது நீடித்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். எழுந்து பத்தடி பின்வாங்குங்கள். இதற்குச் சட்டமும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கூட்டைப் படம் எடுப்பதை நான் முழுவதுமாக விட்டுவிட்டேன், உங்களையும் அப்படியே கேட்டுக்கொள்கிறேன். கம்பியில் வரிசையாக உட்கார்ந்த குஞ்சுகளின் படம் அதைவிட நன்றாகவே வரும்.

குஞ்சுகள் இறங்கிய காலையில் கூட்டுப்பக்கம் அமைதியாகிவிடும், அருகிலுள்ள கம்பியிலிருந்து இடைவிடாத மெல்லிய கீச்சொலி வரும். பெரும்பாலும் தண்ணீருக்கு மேலாகவோ அதை ஒட்டியோ போகும் தாழ்வான கம்பியைத்தான் தேர்ந்தெடுக்கும். ஏரிக்குள் நிற்கும் பட்ட மரம், சீமைக்கருவேலத்தின் இலையுதிர்ந்த நுனி, மீன்வலைக்கு நட்ட மூங்கில் ஆகியவையும் உதவும். கூட்டை விட இங்கே பறவைகள் சற்று அச்சமற்றவை. பதினைந்து இருபது மீட்டரில், ஓரிடத்தில் உட்கார்ந்து எழாமல் இருந்தால் அவை நம்மைக் கண்டுகொள்வதில்லை. வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் பார்த்தால் இளசும் பெரிசும் ஒரே கறுப்பு நிழலாகத்தான் தெரியும், கண்ணுக்கும் கேடு.

முதலில் வாயின் ஓரத்தைப் பாருங்கள். அலகு சேரும் மூலையில் வெளிர்மஞ்சள் சதை விளிம்பு இருந்தால் அது குஞ்சு, வேறு சான்று வேண்டியதில்லை. அடுத்து வால்: கம்பிவால் குஞ்சுக்குக் கம்பி கிடையாது, தலையின் செம்பழுப்பு மங்கித் தவிட்டு நிறமாக இருக்கும், முதுகில் மினுமினுப்புக் குறைவு. இதை வைத்துத்தான் புதிதாகப் பார்ப்பவர்கள், கம்பி இல்லை, ஆகவே வேறு இனம் என்று எழுதிவிடுகிறார்கள். செம்பிட்டக் குஞ்சில் வாலின் ஓர இறகுகள் குட்டையாக இருக்கும், பிட்டத்தின் நிறம் வெளிறியிருக்கும், மடித்த சிறகின் உள்பக்க இறகு நுனிகளில் வெளிர்மஞ்சள் கரை தெரியும். வளர்ந்த பறவை மழுமழுவென்று ஒட்டிய உடலோடு உட்கார, குஞ்சு பஞ்சு உருண்டை போலப் புடைத்து உட்காரும். காற்று வீசினால் வாலை ஆட்டி ஆட்டிச் சமநிலை தேடும்.

இரை கொடுக்கும் காட்சியை ஒருமுறை தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் பெரிய பறவையைத் தேடி இருகண்ணோக்கியை அலைக்கழிக்காதீர்கள். அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. நடுக் குஞ்சின் மேல் கருவியை நிறுத்திக் காத்திருங்கள். எல்லாக் குஞ்சுகளும் சும்மா இறகு கோதிக்கொண்டிருக்கும்; திடீரென்று ஒரே நொடியில் வரிசை முழுவதும் ஒரு பக்கம் திரும்பும், சிறகுகள் நடுங்கத் தொடங்கும், கீச்சொலி உச்சத்துக்குப் போகும், வாய்கள் திறக்கும். நமக்கு ஒன்றும் தெரியாத தூரத்திலேயே தாயை அவை அடையாளம் கண்டுவிட்டன. அடுத்த கணம் பெரிய பறவை கம்பிக்கு எதிரே ஒரு நொடி அந்தரத்தில் நின்று, ஒரு வாய்க்குள் அலகை விட்டு எடுத்துக்கொண்டு போய்விடும். கிடைத்த குஞ்சு உடனே அடங்கிவிடும், கிடைக்காதவை இன்னும் சற்று நேரம் அழும். இப்படி நாலைந்து முறை பார்த்த பிறகு, வாய் திறக்கும் முறையை வைத்தே யாருக்குப் பசி அதிகம் என்று சொல்ல முடியும்.

சில நாட்களில் முறை மாறும். தாய் வருவதைக் கண்டதும் குஞ்சு கம்பியில் காத்திருக்காமல் எழுந்து பறந்து எதிர்கொள்ளும். இரண்டும் வானில் நெஞ்சுக்கு நெஞ்சாக மேலெழும்பி, கண்ணிமைக்கும் நேரத்தில் இரை கைமாறும். இதைப் பார்க்கும் நாளைத் தவறாமல் குறித்து வையுங்கள், ஏனென்றால் அதற்கடுத்துத்தான் குஞ்சு தானே பூச்சி பிடிக்க முயலும். முதல் முயற்சிகள் சிரிப்பை வரவழைக்கும். காற்றில் மிதக்கும் இறகைத் துரத்தும். தண்ணீரைத் தொட்டுக் குடிக்கப் போய் மார்பை நனைத்துக்கொள்ளும். கம்பியில் திரும்பி இறங்கும்போது உட்கார்ந்திருக்கும் உடன்பிறப்பின் முதுகில் மோதும். ஆடிக்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் ஏரிக்கரையின் காற்று மறைவான பக்கத்தில் போய் உட்காருங்கள். பூச்சிகள் அங்கே ஒதுங்குவதால் குடும்பம் முழுவதும் தரைக்கு ஒரு முழ உயரத்தில் உங்கள் முன்னாலேயே போய் வரும். மழை பெய்து ஈசல் கிளம்பும் மாலை என்றால் எந்த வேலையையும் ஒத்திப்போடலாம்.

குறிப்பேட்டில் எழுதும்போது அழகாக எழுத முயல வேண்டாம். ஒரு கம்பி, ஒரு குடும்பம், அரைமணி நேரம் என்று வரையறுத்துக்கொண்டு, மணியையும் நிகழ்ச்சியையும் மட்டும் எழுதுங்கள்: "6.40, மூன்று குஞ்சு, வலப்பக்கத்ததற்கு இரை. 6.43, மீண்டும் வலப்பக்கம். 6.49, வல்லூறு கடந்தது, எல்லாம் அசையாமல் ஒடுங்கின. 6.56, இடப்பக்கத்தது தானே எழுந்து திரும்பியது." கம்பிவால் இணை தன் எல்லைக்குள் பிற இணையை அண்ட விடாது என்பதால், வரிசையில் உள்ளவை ஒரே குடும்பம் என்று நம்பி எண்ணலாம். செம்பிட்டத்தில் அந்த உறுதி இல்லை, அருகருகே இரண்டு மூன்று கூடுகள் இருந்தால் குஞ்சுகள் கலந்துவிடும்.

தரையில் குஞ்சு கிடப்பதைப் பார்த்தால் முதலில் விலகி நின்று கால்மணி நேரம் கவனியுங்கள். இறகு முளைத்த குஞ்சு என்றால் பெற்றோர் அங்கேயே வந்து ஊட்டும். நாயோ பூனையோ காகமோ வரும் இடமானால், கூட்டுக்கு நேர்கீழே சுவரின் மேலோ கிளையிலோ உயரமாக வைத்துவிட்டு விலகுங்கள். இறகு முளைக்காத சிறு குஞ்சை, கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் மெதுவாக உள்ளே விடலாம். மனிதக் கை பட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் கட்டுக்கதை. கூடே உடைந்து விழுந்திருந்தால், பாதிக் கொட்டாங்குச்சியில் காய்ந்த புல்லைப் பரப்பி அதே இடத்தில் கட்டி வைத்துக் குஞ்சுகளை அதில் விடலாம். பாலும் சோறும் ரொட்டியும் கொடுக்கக் கூடாது, வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. காயம் பட்டிருந்தால் வனத்துறையிடம் சொல்வதே முறை.

ஆவணி கழியும்போது இன்னொரு வாய்ப்பு வருகிறது. இமயமலைப் பக்கமும் அதற்கு வடக்கேயும் பொரித்த சாதாரணத் தகைவிலான்கள், அந்த ஆண்டுக் குஞ்சுகளோடு நம் நெல்வயல்களுக்கு மேல் வந்து சேரும். செப்டம்பர், அக்டோபரில் கம்பியில் நூறு பறவைகள் உட்கார்ந்திருந்தால், கழுத்தின் செந்நிறம் வெளிறி, மார்புப் பட்டை பழுப்பாகி, வால் குட்டையாக இருப்பவற்றைத் தனியே எண்ணிப் பாருங்கள். அவை பிறந்து சில மாதங்களே ஆனவை, ஆனால் நெடும்பயணத்தை முடித்துவிட்டவை. குளிர்காலம் முழுவதும் அவை இறகு மாற்றிக்கொள்வதால், மாசி பங்குனியில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். வாயோரத்து மஞ்சள் இவற்றில் மங்கியிருக்கும், எனவே வாலையும் கழுத்தையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

உள்ளூர்க் குடும்பத்துக்குத் திரும்பினால், குஞ்சுகள் கம்பிக்கு வந்துவிட்டன என்பதற்காகக் கூடு காலியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. முதல் சில இரவுகளில் அவை உறங்கக் கூட்டுக்கே திரும்புவது உண்டு. பொழுது சாயும் வேளையில் ஒவ்வொன்றாக உள்ளே நுழைவதை எண்ணினால் காலையில் தப்பிய எண்ணிக்கை சரியாகிவிடும். அதே கூட்டை இணை மறுபடியும் பயன்படுத்தக் கூடும் என்பதால், வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டியிருந்தாலும் வெள்ளையடிக்கும் சாக்கில் தட்டிவிட வேண்டாம். பழைய கூட்டின் விளிம்பில் கருமையான புது ஈரமண் ஒட்டியிருப்பது தெரிந்தால், அன்றைய தேதியை எழுதி, முன்போலவே முப்பது மீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்து கணக்கைத் தொடங்கலாம்.